மேகங்களுக்கு அப்பால்: அன்டோனியோனியின் கடைசிக் காதல் படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் படத்தைச் சொல்கிறீர்கள்?

இத்தாலிய இயக்குநர் மிக்கேலாஞ்சலோ அன்டோனியோனியின் ‘மேகங்களுக்கு அப்பால்’. இத்தாலிய மொழியில் ‘அல் தி லா தெல்லே நூவொலே’. 1995 வெனிஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டு, அங்கே சர்வதேச விமர்சகர் கூட்டமைப்பின் விருதைப் பெற்றது. இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி கூட்டுத் தயாரிப்பு. ஓடும் நேரம் 112 நிமிடம். நான்கு தனித்தனிக் காதல் கதைகள். அடுத்த படத்துக்குக் கதை தேடி அலையும் ஒரு சினிமா இயக்குநரின் பயணம் அவற்றை ஒன்றாகக் கோக்கிறது. படப்பிடிப்பின்போது அன்டோனியோனிக்கு வயது 82. பேச்சு போய் ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இதுவே அவருடைய கடைசி முழுநீளப் படம்.

அன்டோனியோனியின் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1912 செப்டம்பர் 29 அன்று வட இத்தாலியின் ஃபெராரா நகரில் பிறந்தார். போலோன்யா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துவிட்டு, ஊர்ப் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதினார். பிறகு ரோமுக்குப் போனார். இயக்குநர் ரொஸெல்லினியின் ஒரு படத்துக்குத் திரைக்கதையில் கைகொடுத்தார், பிரான்சில் இயக்குநர் மார்செல் கார்னேயிடம் உதவியாளராக இருந்தார், 1943இல் போ ஆற்றங்கரை மக்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். முதல் கதைப்படம் 1950இல் வந்த ‘ஒரு காதலின் வரலாறு’.

உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது 1960இல். ‘லவெந்தூரா’ என்ற படத்தில் ஒரு தீவுக்குச் சுற்றுலா போகும் கூட்டத்தில் ஒரு பெண் காணாமல் போகிறாள். தேடுகிறார்கள். கிடைக்கவில்லை. பிறகு தேடுவதையும் மறந்துவிடுகிறார்கள். அவள் என்ன ஆனாள் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. பிரான்சின் கான் திரைப்பட விழாவில் பார்வையாளர்கள் கூச்சல் போட்டார்கள். மறுநாளே ரொஸெல்லினி உள்ளிட்ட திரைக்கலைஞர்களும் விமர்சகர்களும் படத்துக்கு ஆதரவாக அறிக்கை விட்டார்கள். நடுவர் குழு விருதும் கிடைத்தது.

அடுத்தடுத்து ‘லா நோத்தே’ (1961, பெர்லினில் தங்கக் கரடி), ‘எக்லிஸே’ (1962), முதல் வண்ணப்படமான ‘சிவப்புப் பாலைவனம்’ (1964, வெனிஸில் தங்கச் சிங்கம்), லண்டனில் எடுத்த ‘ப்ளோ-அப்’ (1966, அடுத்த ஆண்டு கானில் அப்போதைய முதல் பரிசான கிராண்ட் பிரி). ஐரோப்பாவின் மூன்று பெரிய விழாக்களிலும் முதல் பரிசு வாங்கிய மிகச் சிலரில் அவரும் ஒருவர். அமெரிக்காவில் எடுத்த ‘ஸப்ரிஸ்கி பாயிண்ட்’ (1970) வசூலில் படுத்தது. ஜாக் நிகல்சன் நடித்த ‘தி பாசஞ்சர்’ (1975) விமர்சகர்களிடம் நல்ல பெயர் வாங்கியது. 2007 ஜூலை 30 அன்று ரோமில் காலமானார். ஸ்வீடனின் இயக்குநர் இங்மர் பெர்க்மன் இறந்ததும் அதே நாளில்தான்.

பேச முடியாதவர் எப்படிப் படம் இயக்கினார்?

1985 டிசம்பரில் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் செயலிழந்தது. எதிரில் இருப்பவர் சொல்வது புரியும். பதிலுக்கு ஒன்றிரண்டு சொற்களுக்கு மேல் வராது. இத்தாலிய மொழியில் ‘இல்லை’, ‘வெளியே’ போன்ற சொற்களும், கையசைவும், இடது கையால் போடும் கோட்டோவியமும்தான் படப்பிடிப்புத் தளத்தில் அவருடைய மொழி. 1986இல் அவரை மணந்த என்ரிகா ஃபிகோ பக்கத்திலேயே இருந்து அவற்றைப் படக்குழுவுக்கு விளக்கினார். கணவர் மனதில் இருப்பது என்னவென்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வருவார். சரியானதைத் தொடும்வரை அன்டோனியோனி தலையை ஆட்டி மறுப்பார்.

இதனால் வேலை மெதுவாக நடந்தது என்பது உண்மை. ஆனால் நடிகர் எங்கே நிற்க வேண்டும், கேமரா எந்த உயரத்தில் இருக்க வேண்டும், எந்த நொடியில் கட் என்பதெல்லாம் விரல் நீட்டிச் சொல்லக்கூடியவை. அன்டோனியோனி வாழ்நாள் முழுக்கச் செய்த சினிமா பெரும்பாலும் அவற்றால் ஆனது. நடிகருக்கு மனோநிலையை விளக்கிச் சொல்லும் பழக்கம் அவருக்கு நல்ல உடல்நிலையில் இருந்தபோதே கிடையாது. வசனத்தை நம்பிப் படம் எடுக்கும் ஒருவருக்கு இதே நோய் வந்திருந்தால் அத்துடன் தொழில் முடிந்திருக்கும்.

வசனமும் கதையும் முன்பே தயாராக இருந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நோய்க்கு முன், 1983இல் அவர் வெளியிட்ட ‘டைபர் நதிக்கரை பௌலிங்’ என்ற நூலில் படமாகாத 33 கதைக்கருக்கள் இருக்கின்றன. நான்கு கதைகளும் அதிலிருந்து வந்தவை. ‘லவெந்தூரா’ காலத்திலிருந்து உடன் எழுதிய கவிஞர் டோனினோ குவெர்ரா இதிலும் திரைக்கதையில் இருந்தார்.

விம் வெண்டர்ஸ் பெயரும் இயக்குநராக வருகிறதே. படத்தில் பாதி அவருடையதா?

பாதி இல்லை, சின்னப் பங்குதான். அவர் வந்ததற்குக் காரணம் காப்பீடு. படம் பாதியில் நின்றால் போட்ட பணத்துக்கு யார் பொறுப்பு என்பதற்குத் தயாரிப்பாளர்கள் காப்பீடு எடுப்பார்கள். 82 வயதான, பேச்சிழந்த இயக்குநரை மட்டும் நம்பி எந்த நிறுவனமும் கையெழுத்துப் போடாது. அவரால் முடியாமல் போனால் அன்றே கேமராவுக்குப் பின்னால் வந்து நிற்க இன்னொரு இயக்குநர் வேண்டும். ‘பாரிஸ், டெக்சாஸ்’ எடுத்த ஜெர்மானியரான வெண்டர்ஸ் அதற்கு ஒப்புக்கொண்டார். தன் வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, இன்னொருவர் படத்தின் தளத்தில் நாள்தோறும் காத்திருக்கும் வேலை அது. அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ஆல்ட்மனின் கடைசிப் படத்துக்கு இன்னொரு இயக்குநரான பால் தாமஸ் ஆண்டர்சன் செய்ததும் இதையே.

நான்கு கதைகளையும் அன்டோனியோனியே எடுத்து முடித்தார். முன்கதை, இணைப்புக் காட்சிகள், முடிவு ஆகியவற்றை வெண்டர்ஸ் எடுத்தார். ஒளிப்பதிவாளர்களும் வேறு வேறு: அன்டோனியோனிக்கு ‘ஸப்ரிஸ்கி பாயிண்ட்’ படத்தை ஒளிப்பதிவு செய்த அல்ஃபியோ கொந்தீனி, வெண்டர்ஸுக்கு ராபி முல்லர். எடிட்டிங்கில் வெண்டர்ஸ் எடுத்ததில் பெரும்பகுதியை அன்டோனியோனி வெட்டி எறிந்தார். வெண்டர்ஸுக்கு வருத்தம் இருந்தது. ஆனாலும் அது அன்டோனியோனியின் படம் என்று விட்டுக்கொடுத்தார். அந்தப் படப்பிடிப்பு நாட்குறிப்பை அவர் நூலாகவும் வெளியிட்டார். மூத்த கலைஞர் ஒருவருக்கு உதவப் போகிறவர் எவ்வளவு தூரம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதை அதைவிட நேர்மையாகச் சொல்லும் புத்தகம் குறைவு.

நான்கு கதைகளும் என்ன? முடிவு தெரிந்தால் பரவாயில்லை.

இந்தப் படத்தில் முடிவு தெரிவதால் எதுவும் கெட்டுப்போகாது.

முதல் கதை ஃபெராரா பகுதியில் நடக்கிறது. சில்வானோ (கிம் ரொஸ்ஸி ஸ்டூவர்ட்) என்ற இளைஞனும் கார்மென் (இனேஸ் சாஸ்த்ரே) என்ற ஆசிரியையும் ஒரே விடுதியில் தங்குகிறார்கள். இருவருக்கும் பிடித்துப்போகிறது. இரவு அவள் அவன் வருவான் என்று காத்திருக்கிறாள். அவன் தன் அறையில் தூங்கிப்போகிறான். காலையில் அவள் போய்விட்டாள். சில ஆண்டுகள் கழித்து ஒரு திரையரங்கில் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். அப்போதும் அது நடக்காது.

இரண்டாவது, போர்ட்டோஃபினோ கடற்கரை. ஜான் மால்கோவிச் நடிக்கும் இயக்குநர், துணிக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் (சோஃபி மார்சோ) பின்தொடர்கிறார். தன் அப்பாவைப் பன்னிரண்டு முறை குத்திக் கொன்றதாக அவள் சொல்கிறாள். நான்கில் மிகப் பலவீனமானது இதுதான்.

மூன்றாவது, பாரிஸ். மூன்று ஆண்டுகளாகக் கணவனுக்கு (பீட்டர் வெல்லர்) இன்னொரு பெண்ணுடன் தொடர்பு. மனைவி பத்ரீசியா (ஃபானி ஆர்தான்) வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். வாடகைக்குப் பார்க்கப் போகும் வீட்டில், மனைவி சாமான்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்ட ஒருவன் (ஜான் ரெனோ) நிற்கிறான். விடப்பட்டவர்கள் இருவர், காலி வீடு ஒன்று.

நான்காவது, தென் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ். நிக்கோலோ (வின்சென்ட் பெரேஸ்) தெருவில் பார்த்த பெண்ணைத் (இரேன் ஜாகோப்) தொடர்ந்து தேவாலயம்வரை போகிறான். அங்கே பாடல் நடக்கும்போது தூங்கிவிடுகிறான். விழித்து ஓடித் தேடிப் பிடித்து, மழையில் அவள் வீட்டு மாடிப்படிவரை பேசிக்கொண்டே நடக்கிறான். நாளைக்குப் பார்க்கலாமா என்கிறான். நாளைக்கு மடத்தில் சேரப் போகிறேன் என்கிறாள்.

முதல் கதையிலும் கடைசிக் கதையிலும் ஆண் தூங்கிவிடுகிறான் என்பதைக் கவனியுங்கள். வில்லன் இல்லை, பெற்றோர் எதிர்ப்பு இல்லை. இருக்க வேண்டிய நேரத்தில் விழித்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லோரும் சொல்லும் அந்தக் ‘கை’ காட்சி எது?

முதல் கதையின் முடிவு. சில்வானோ கார்மெனின் வீட்டில், அவள் படுக்கையருகே இருக்கிறான். அவன் கை அவள் உடலின் மேடுபள்ளத்தை அப்படியே தொடர்ந்து போகிறது. ஆனால் ஒரு நூலிழை இடைவெளி விட்டு, தொடாமல். உதடு உதட்டருகே வந்து நிற்கிறது. அவள் உதடு எட்டி வரும்போது அவன் விலகிக்கொள்கிறான். பிறகு எழுந்து போய்விடுகிறான். அவள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள்.

காட்சி வேலை செய்வதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. இசையோ வசனமோ வந்து அந்த இடைவெளிக்கு அர்த்தம் சொல்வதில்லை. கைக்கும் தோலுக்கும் நடுவே இருப்பது மட்டும் கண்ணில் படும்படி ஷாட் நீள்கிறது. இன்னும் இரண்டு நொடி குறைத்திருந்தால் தயக்கம் என்று நினைத்திருப்போம். இந்த நீளத்தில் அது அவன் எடுத்த முடிவு என்று தெரிகிறது.

பின்னணிக் குரல் ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது?

நியாயமான குறை. மால்கோவிச்சின் இயக்குநர் பாத்திரம் படங்களைப் பற்றியும் யதார்த்தத்தைப் பற்றியும் நிறையப் பேசுகிறது. ஒவ்வொரு படிமத்துக்குப் பின்னாலும் இன்னும் உண்மையான ஒரு படிமம் இருக்கிறது, அதற்குப் பின்னால் இன்னொன்று என்ற கருத்து அன்டோனியோனி முன்பு எழுதியதுதான். காகிதத்தில் அழகாக இருக்கும் வரி, காதில் விழும்போது உரையாகிவிடுகிறது. அவர் தன் நல்ல நாட்களில் இப்படியொரு குரலைப் படத்தில் அனுமதித்ததே இல்லை. தனித்தனிக் கதைகளை ஒட்டவைக்கும் பசை அது. பசை பல இடங்களில் வெளியே தெரிகிறது. முதல் முறை பார்க்கும்போது அந்தக் குரலை அதிகம் பொருட்படுத்தாதீர்கள். கைகள், ஜன்னல்கள், ஈரத் தெரு ஆகியவற்றில் கண்ணை வைத்தால் படம் பிடிபடும்.

நிர்வாணக் காட்சிகள் அதிகம் என்கிறார்களே?

ஆம், இருக்கின்றன. வயது வந்தோருக்கான படம். இரண்டாவது கதையிலும் மூன்றாவது கதையிலும் கேமரா பெண் உடல் மேல் தேவைக்கு அதிகமாக நிற்கிறது என்று சொன்ன விமர்சகர்கள் சொன்னது சரிதான். முதல் கதைக்கும் நான்காவது கதைக்கும் அது பொருந்தாது. நான்காவதில் தொடுதலே இல்லை.

பாரிஸ் கதையில் வரும் சுமைகூலிகளின் கதை என்ன?

கணவனின் காதலியாகப் போகும் ஓல்கா (கியாரா கசெல்லி), காபிக் கடையில் முதன்முதலாகச் சந்திக்கும்போது அவனிடம் சொல்லும் கதை. மலைமேல் இருக்கும் இன்கா நகரத்துக்குப் போகும் ஆய்வாளர்களுக்குச் சாமான் தூக்கி வந்தவர்கள் நடுவழியில் நின்றுவிடுகிறார்கள். ஏனென்று கேட்டால், வேகமாக வந்துவிட்டோம், எங்கள் ஆன்மா பின்தங்கிவிட்டது, அது வந்து சேரட்டும் என்கிறார்கள்.

மாஸ்ட்ரோயானியும் ழான் மோரோவும் ஏன் திடீரென்று வந்து போகிறார்கள்?

‘லா நோத்தே’ படத்தில் கணவன்–மனைவியாக நடித்தவர்கள் அவர்கள்தான். 34 ஆண்டுகள் கழித்து இங்கே மாஸ்ட்ரோயானி, ஓவியர் சேசான் திரும்பத் திரும்ப வரைந்த சென்த் விக்துவார் மலையின் முன்னால் உட்கார்ந்து அதையே வரைந்துகொண்டிருக்கிறார். மோரோ வந்து பேசுகிறார். ‘லா நோத்தே’ பார்க்காதவருக்கு இது தொங்கலாக நிற்கும். மாஸ்ட்ரோயானி அடுத்த ஆண்டு டிசம்பரில் காலமானார்.

இந்தப் படத்திலிருந்தே அன்டோனியோனியைத் தொடங்கலாமா?

வேண்டாம். நான்கு படங்களாவது முன்னால் பார்த்துவிட்டு வாருங்கள். முதலில் ‘தி பாசஞ்சர்’: ஓரளவு கதையோட்டம் உள்ளது, புதியவர்களைக் கைவிடாது. அதன் கடைசிக்கு முந்தைய ஷாட் ஏறக்குறைய ஏழு நிமிடம். கேமரா அறைக்குள் மெல்ல நகர்ந்து, ஜன்னல் கம்பிகளைத் தாண்டி, முற்றத்தைச் சுற்றித் திரும்பி, வெளியிலிருந்து அதே ஜன்னலைப் பார்க்கிறது. மேற்கூரையில் தண்டவாளம் போட்டு, கம்பிகளைக் கீல் வைத்துப் பக்கவாட்டில் திறந்து, வெளியே நின்ற கிரேனில் கேமராவை மாட்டினார்கள். மாற்றும்போது ஆட்டம் தெரியாமலிருக்க ஜைரோஸ்கோப் பொருத்தினார்கள். அந்த ஒரு ஷாட்டுக்கு 11 நாள் ஆனது.

அடுத்து ‘லா நோத்தே’. மூன்றாவது ‘எக்லிஸே’: காதலர்கள் இருவரும் சந்திப்பதாகச் சொன்ன தெருமுனைக்குக் கேமரா போகிறது, அவர்கள் வருவதில்லை, ஏழு நிமிடம் நாம் அந்த முனையை மட்டும் பார்க்கிறோம். காதலின் முடிவை ஓர் இடத்தை வைத்தே சொல்வது அங்கே தொடங்கியது. நான்காவது ‘ஒரு பெண்ணை அடையாளம் காணுதல்’ (1982), நோய்க்கு முந்தைய கடைசிப் படம். அதில் நாயகன் ஒரு சினிமா இயக்குநர், படத்துக்காக ஒரு பெண் முகத்தைத் தேடுகிறான். பனிமூட்டச் சாலையில் இருவர் தொலையும் நீண்ட காட்சி வருகிறது. ‘மேகங்களுக்கு அப்பால்’ பல விதத்தில் அதன் தொடர்ச்சி. ‘சிவப்புப் பாலைவன’த்தை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் நல்ல பிரதியில் மட்டும். ராவென்னா தொழிற்சாலைப் பகுதியில் புல்லுக்கும் பழவண்டிக்கும்கூடச் சாம்பல் வண்ணம் பூசி எடுத்த படத்தை மங்கிய பிரதியில் பார்ப்பதில் பயனில்லை.

1985க்கும் 1995க்கும் நடுவே சும்மா இருந்தாரா?

இல்லை. குறும்படங்கள் எடுத்தார். அவற்றில் இந்தியர்கள் தேடிப் பார்க்க வேண்டியது ‘கும்பமேளா’. 1977இல் அலகாபாத் கும்பமேளாவில் எடுத்த காட்சிகளை 1989இல் தொகுத்தார். இருபது நிமிடத்துக்கும் குறைவு. விளக்கவுரை சொல்லாமல் கூட்டத்தையும் ஆற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் படம். முழுநீளப் படத்துக்கான திட்டங்களும் இருந்தன, அவை நின்றுபோயின. 1995 மார்ச்சில் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. ஜாக் நிகல்சன் வழங்க, என்ரிகா கணவருக்காகப் பேசினார்.

இதற்குப் பிறகு?

2004இல் இரண்டு. சோடர்பெர்க், வோங் கார்-வாய் ஆகியோருடன் சேர்ந்து எடுத்த ‘ஈரோஸ்’ தொகுப்பில் ஒரு பகுதி. மூன்றில் அது கடைசி இடத்தில்தான் நிற்கும். இன்னொன்று ‘மிக்கேலாஞ்சலோவின் பார்வை’ என்ற வசனமில்லாக் குறும்படம். ரோமில் ஒரு தேவாலயத்திலுள்ள மோசே சிலையை, அதே பெயர் கொண்ட சிற்பி செதுக்கியதை, அன்டோனியோனியே திரையில் வந்து பார்க்கிறார். ‘ஈரோஸ்’ பகுதியை விட்டாலும் இதை விடாதீர்கள்.

படம் எடுத்த இடங்களை நேரில் பார்க்கலாமா?

பார்க்கலாம். முதல் கதையில் காதலர்கள் நடக்கும் நீண்ட தூண் வரிசை, ஃபெராராவுக்குக் கிழக்கே ஏறக்குறைய 50 கி.மீ. தொலைவிலுள்ள கொமாக்கியோ என்ற கால்வாய் ஊரில் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட வளைவுகள். படத்தில் உள்ள மூட்டம் வேண்டுமென்றால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போக வேண்டும். கோடையில் அதே தெரு பளிச்சென்று இருக்கும், அடையாளமே தெரியாது. ஃபெராராவில் அவருக்கென்று ஓர் அருங்காட்சியகம் 2024இல் திறக்கப்பட்டது. அவர் அடக்கமாகியிருப்பதும் அந்த ஊரில்தான்.

இசை யாருடையது?

லூசியோ டால்லா, லோரான் பெத்திகான், வான் மோரிசன் ஆகியோருடையது. யு2 குழுவும் பிரையன் ஈனோவும் ‘பாசஞ்சர்ஸ்’ என்ற பெயரில் செய்த ‘யுவர் ப்ளூ ரூம்’, ‘பீச் சீக்வென்ஸ்’ இரண்டும் இந்தப் படத்துக்கானவை.

எந்தப் பிரதியில் பார்ப்பது? என்னிடம் இருப்பது 107 நிமிடம்தான் ஓடுகிறது, வெட்டிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. ஐரோப்பிய டிவிடிகளில் நொடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டிய படம் 25 ஃபிரேமாக ஓடும். 112ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தால் 107.5. காட்சி எதுவும் குறையாது. குரலும் இசையும் ஒரு மயிரிழை கூர்மையாகக் கேட்கும்.

மொழியில்தான் கவனம் வேண்டும். இத்தாலியம், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் கலந்த ஒலித்தடம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். முழுக்க ஒரே மொழியில் டப்பிங் செய்த பிரதியில், ஊர் ஊராக மாறும் படம் ஒரே ஊரில் நடப்பதுபோல் ஆகிவிடும். தொலைக்காட்சியில் அசைவை மென்மையாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். கை நகரும் அந்தக் காட்சியைச் சீரியல்போல் ஆக்கிவிடும். நிறச்செறிவைக் கூட்டிக்காட்டும் ‘விவிட்’ அமைப்பும் வேண்டாம், ஃபெராரா மூட்டம் வெறும் வெள்ளையாகிவிடும். கைபேசியில் பார்த்தே ஆக வேண்டுமென்றால் இருட்டறையில் பாருங்கள். ஒரே அமர்வில் முடியாவிட்டால் இரண்டாவது கதை முடிந்ததும் நிறுத்தி, பாரிஸ் கதையிலிருந்து மறுநாள் தொடரலாம். நடுவில் வேறு எங்கே நிறுத்தினாலும் கதை அறுந்துபோகும். பார்த்து முடித்தபின் என்ரிகா எடுத்த படப்பிடிப்பு ஆவணப்படம் கிடைத்தால் பாருங்கள். ‘எனக்குப் படம் எடுப்பதே வாழ்வது’ என்பது அதன் தலைப்பு. இடது கையால் அவர் கோடு போடுவதை அதில் பார்க்கலாம்.